ஒளிபுகுங் காப்பு

1998-ஆம் ஆண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், நியூஸிலாந்து தேசத்து ஆக்லாந்து நகரின் நடுப்பகுதிக்கு மின்சாரங் கொணர்ந்த 1,10,000 வோல்ட்டு நிலத்தடி மின்வடங்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன. கடைகளும் அலுவலகங்களும் ஏறக்குறைய ஐந்து வாரம் இடர்ப்பட்டன. அவை எண்ணெயும் வாயுவும் நிரப்பிய பழைய முறை வடங்கள். யான் ஈண்டுச் சொல்லப் புகும் பொருள் அவற்றைக் காத்திருக்குமென்று வாதிக்க வரவில்லை. மண்ணுள் மறைந்த வடத்தின் நோயை முன்னரே அறியாமை எத்துணைக் கேடு என்பதைக் காட்டவே அதனைக் கூறினேன்.

தமிழ் பயில்வானுக்கு மின்வடத்தோடு யாது தொடர்பென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். மின்சாரம் வெளியே பாயாதவாறு கம்பியைப் பொதிந்திருக்கும் உறைக்கு மின்காப்பென்று பெயர். நூன்முகத்துப் பாடுங் காப்பினையும் குழந்தை கைக்கு இடுங் காப்பினையும் அறிந்த எமக்கு இச்சொல் அயலன்று.

காப்பு ஒரே நாளில் அழிவதன்று. வடத்தின் நீளம் தொழிற்சாலையில் இயந்திரத்தாற் செய்யப்படுவது. இரு வடங்களை இணைக்கும் மூட்டோ, குழியினுள் நின்று மனிதர் கையாற் பொருத்துவது. ஆதலின் நலிவு பெரும்பாலும் மூட்டிலே தொடங்குகிறது. ஒரு காற்றுக்குமிழி, ஒரு தூசு, கத்தி பட்ட ஒரு கீறல் போதும். அவ்விடத்தே நுண்பொறிகள் தெறிக்கும். அவை காப்பினைச் சிறிது சிறிதாக அரித்து, மரம் கிளைவிடுமாறு கிளைத்துச் செல்லும். பொறியியலாரும் அதனை மின்மரமென்றே வழங்குவர். மரம் மறுபுறத்தை எட்டியவுடன் காப்பு முறியும். மூட்டு வெடித்தலும் உண்டு.

அப்பொறிகள் எழுப்பும் மின்துடிப்புக்களைக் கொண்டு நோயறிதல் இன்றைய வழக்கு. ஆயின் வானொலி அலைகளும் அண்டை இயந்திரங்களும் செய்யும் ஆரவாரத்திடை அம்முனகலைப் பிரித்தறிதல் எளிதன்று. பொறி ஒளியும் உமிழ்கின்றதே, அதனைக் கண்டாலென்? மண்ணுள் வேறொளி இல்லையாதலின், மயங்குதற்கும் ஏதுவில்லை. தடை யாதெனின், மூட்டின் உறை ஒளிபுகாப் பொருளாயிருத்தலே.

ஸிலிகோன் ரப்பர் இயல்பாகவே தெளிவுடையது. வலிமைக்காகச் சேர்க்கும் ஸிலிகாப் பொடி ஒளியலையின் நீளத்தினும் மிகச் சிறியதாயின் அத்தெளிவு கெடாது; நிறப்பொருளும் பருத்த பொடிகளுமே அதனைக் குருடாக்குவன. 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஜெர்மனியின் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர், தெளிந்த ஸிலிகோனுள் ஒளிருஞ் சாயமேற்றிய இழையைப் பதித்துப் பொறியின் ஒளியைப் பற்றினர். வெறுங் கண்ணாடியிழை தன் பக்கத்தில் விழும் ஒளியை உள்ளே நிறுத்தாது. சாயமோ நீல ஒளியை உண்டு, வேறு நிறமாக இழைக்குள்ளேயே உமிழும். அதில் ஒரு பகுதி நுனிவரை ஓடி உணர்கருவியை அடையும். இழையும் ரப்பரைப்போல நீண்டு சுருங்குதல் வேண்டும். இன்றேல் இரண்டிற்கும் இடையே வெற்றிடம் தோன்றி, நோய் காண வைத்த கருவியே நோய்க்கு வித்தாகும். இந்நுட்பமே என்னைப் பெரிதுங் கவர்ந்தது.

குறைகளும் உள. மூட்டினுள் மின்புலத்தைச் சீராக்கும் பகுதி கரித்தூள் கலந்ததாகலிற் கறுத்தே இருக்கும். அதன் மறைவிற் றோன்றும் பொறியைக் காணல் அரிது. வடத்தின் முழு நீளத்துக்கும் இம்முறை உதவாதென்பதும் மெய்யே. ஆயினும் செலவு மிகுமென்னும் வாதத்தை மட்டும் யான் ஏற்கேன். தெருவைத் தோண்டி, பழுதுற்ற மூட்டை அறுத்தெடுத்துப் புதியது பொருத்துஞ் செலவையும், அதுவரை இருளிற் கிடக்கும் ஊரின் இழப்பையும் அவ்வாதஞ் செய்வோர் கணக்கில் எழுதுவதில்லை. அன்றியும், தெளிந்த மூட்டினுட் குமிழியோ தூசோ இருப்பின், தொழிற்சாலையில் வெளிக் கரும்பூச்சு ஏறுமுன்னரே வெறுங்கண்ணாற் கண்டு ஒதுக்கிவிடலாம்.

வேறொன்றும் அவர்கள் கணக்கில் இல்லை. பழுது பார்க்கக் குழியிலிறங்குந் தொழிலாளி, தம் தோளருகே கிடக்கும் மற்றொரு மூட்டு நலமுடையதோ, வெடிக்கும் நிலையினதோ என்றறியாமலே இறங்குகின்றார்.