ஊசித்தட்டானும் நம் கண்மாயும்

இலங்கையின் சிவனொளிபாத மலைக்காட்டில் 2012ஆம் ஆண்டு ஓர் ஊசித்தட்டான் கண்டெடுக்கப்பட்டது. 'சின்ஹலெஸ்டெஸ் ஓரியன்டாலிஸ்' என்பது அதன் நூற்பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிடிபட்ட அது, அதன்பின் ஏறத்தாழ 150 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. இனமே அற்றுப்போயிருக்கும் என்று அறிஞர்கள் அஞ்சியிருந்தனர்.

"பூச்சி கிடைத்தால் நமக்கென்ன? திருச்சுழிக்குத் தண்ணீர் கிடைக்குமா?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அந்த 150 ஆண்டுகளில் இலங்கை மலைநாட்டில் நடந்தது என்ன? வெள்ளைத் துரைமார் காட்டை அழித்துக் காப்பி போட்டார்கள். 1869க்குப் பின் இலைநோயில் காப்பி மடிந்தது, தேயிலை போட்டார்கள். அங்கே கன்று நட்டுக் கொழுந்து பறித்த கை யாருடையது? பஞ்சம் விரட்ட, கங்காணியின் பின்னே கண்டிச் சீமைக்கு நடந்தவர்களின் கை. நம் இராமநாதபுரச் சீமைக்காரர்களும் அவர்களில் உண்டு! இலாபம் துரைமாருக்கு, நம்மவருக்கு லயன் காம்பிரா, ஊசித்தட்டானுக்கு மிஞ்சியது காட்டுத் துண்டு. அந்தத் துண்டும் போயிருந்தால் 2012இல் கண்டெடுக்க என்ன இருந்திருக்கும்?

இனங்காணுவது எளிதல்ல. பெருந்தட்டான் இறகை விரித்து உட்காரும்; ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகின்மேல் கூட்டி வைக்கும். இவ்வளவும் நம் பிள்ளைகளுக்கே தெரியும். எந்த இனமென்று உறுதி சொல்ல, ஆணின் வால் நுனியிலுள்ள இடுக்கி போன்ற உறுப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

அந்த அபூர்வப் பூச்சி நம் கரிசல் கண்மாயில் இல்லை. அதன் உறவுமுறைகள் உண்டு. அவை நீர்ச்செடித் தண்டைக் கீறி முட்டையிடுகின்றன. குஞ்சு தண்ணீருக்குள்ளே வளர்கிறது. வாலிலே இலைபோன்ற மூன்று செவுள்கள், தீனி கொசுப்புழு. நமக்குச் சம்பளம் கேட்காத சுகாதார ஊழியர்!

தண்ணீர் நின்றால்தான் ஊசித்தட்டான் நிற்கும்; நம் வயலும் நிற்கும். ஆகவே சீமைக்கருவேலத்தை வேரோடு பறிக்கட்டும், வண்டலை அள்ளட்டும், நாம் தடுக்கவில்லை. கரையோரக் கோரையை மட்டும் ஒரே மூச்சில் வழித்துவிடாமல், இவ்வாண்டு ஒரு பாதி, மறு ஆண்டு மறு பாதி என்று எடுக்கட்டும். கிராமசபையில் தூர்வாரிய கணக்கைக் கேட்கும் கிளைத் தோழர்கள், கோரையைப் பற்றியும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.