கூடாரத்தில் உடன் படுப்பவருக்குத் தெரியுமா?

மார்கழி கழிந்து வானம் வெளுத்ததும், எங்கள் நீரிழிவுப் பிரிவிலும் இதயப் பிரிவிலும் ஒரு கேள்வி எழத் தொடங்கிவிடுகிறது. அலுவலகத்திலோ குடியிருப்பிலோ ஒரு மிதிவண்டிக் குழு இருக்கிறது, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி வரை செல்லவும், வழியில் இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்கவும் அது திட்டமிட்டிருக்கிறது, அப்பாவும் போக ஆசைப்படுகிறார், போகலாமா? கேட்பவர் பெரும்பாலும் மனைவியோ மகளோதான். போக விரும்புகிறவர் அருகில் மௌனமாக அமர்ந்திருப்பார்.

'வேண்டாம்' என்று நாங்கள் சொல்லிவிடுவோம் என்றே குடும்பத்தார் எதிர்பார்க்கின்றனர். அப்படிச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவை மூன்று நாட்களுக்குப் பகிர்ந்தால், பல வாரங்கள் முறையாகப் பழகியவருக்கு அது மிகையான உழைப்பன்று. முட்டுக்காட்டு உப்பங்கழியைக் கடந்து மாமல்லபுரத்தில் முதல் இரவு. மறுநாள் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டு, கழிமுகத்தை நோக்கி இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையருகே, உரிய அனுமதியுடன், இரண்டாம் இரவு. பிறகு மரக்காணத்து உப்பளங்கள். இந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுவதால், தெற்கே செல்பவரை அதுவும் சற்றுத் தள்ளிவிடும். நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் இதை இழக்க வேண்டியதில்லை.

எங்கள் கவலை வேறு. 'உங்களுக்குச் சர்க்கரை இருப்பது குழுவில் யாருக்குத் தெரியும்?' என்று கேட்டால், பலரிடமிருந்து பதில் வருவதில்லை. ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம், இரக்கப்படுவார்களே என்ற கூச்சம், பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது ஏன் வெளியே போக வேண்டும் என்ற கணக்கு. இவற்றை நாங்கள் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் எங்கள் கருத்து இதுதான்: சொல்லாமல் போவதைவிடப் போகாதிருப்பது மேல்.

காரணம் சாலையில் இல்லை, கூடாரத்தில் இருக்கிறது. பகல் முழுதும் மிதித்த தசைகள், தாம் செலவழித்த சர்க்கரைச் சேமிப்பை இரவில் இரத்தத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கின்றன. ஆதலால் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு, பயணம் முடிந்து பல மணி நேரம் கழித்து, நள்ளிரவுக்குப் பிறகுகூடச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வீட்டிலானால் அருகில் படுத்திருக்கும் மனைவி வியர்வையையும் உளறலையும் கண்டு விழித்துவிடுவார். சவுக்குத் தோப்பில், தனிக் கூடாரத்தில், யார் விழிப்பார்? உடன் படுப்பவர் விழித்தாலும், விவரம் தெரியாதவர் அந்தக் குழறலைக் குடிமயக்கம் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடக்கூடும். அவருக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தால், 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க அவரால் முடியும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவும் தெரியும்.

இதய நோயாளிகளுக்கு ஒரு நுட்பம் உண்டு. பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நாடித்துடிப்பை உயரவிடாமல் பிடித்துவைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது; பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா என்பதே நம்பத்தக்க அளவுகோல். அதே மாத்திரை சர்க்கரை குறையும்போது வரும் படபடப்பையும் மறைக்கும். வியர்வையை மட்டும் மறைக்காது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், 'ஒன்றுமில்லை' என்று அவரே சொன்னாலும், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதை வலியுறுத்தக் குழுவில் ஒருவருக்கேனும் அந்த மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?

இன்சுலினை வெயிலில் நிற்கும் வேனிலும், பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. நீரில் நனைத்துக் குளிரவைக்கும் துணிப்பை போதும். மிதிக்கப் போகும் காலையில் தொடையில் போட்டால் மருந்து விரைவாக ஏறிவிடும். வயிற்றில் போடுவது நல்லது. அளவை எவ்வளவு குறைப்பது என்பதைப் புறப்படுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குழுத் தலைவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னவரை மறுநாளே பட்டியலிலிருந்து நீக்கினால், அடுத்தவர் மறைக்கத்தான் செய்வார். மெதுவாக மிதிப்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும். கடைசியில் ஒருவர் காவலாக வரட்டும். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை, ஏழு நாட்கள் கூடாரத்தில் தங்கிச் செல்லும் எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் என்னும் மிதிவண்டிப் பயணம் 2002-இல் தொடங்கி 2025-இல் நிறைவுபெற்றது. 545 மைல் தொலைவு. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் தம் நிலையை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே அதில் மிதித்தார்கள். அந்த நோயைச் சுற்றியிருந்த களங்கத்தோடு ஒப்பிட்டால், சர்க்கரையைச் சொல்வதற்கு நாம் தயங்குவது சற்று விந்தையாகவே படுகிறது.

சிலரிடம் 'இந்த ஆண்டு வேண்டாம்' என்று நாங்களே சொல்வோம்: அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள், விழித்திரையில் இரத்தக்கசிவுக்குச் சிகிச்சை பெறுபவர்கள். அவர்களில் மருத்துவர் அனுமதிப்பவர்கள் துணை வேனில் போகலாம். தண்ணீர், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், மருந்துப் பை ஆகியவற்றைக் கவனிக்க அங்கே எப்போதும் ஓர் ஆள் தேவைப்படுகிறார்.