நூறு ஆட்டம் போதாது

செஸ் புரோகிராம்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கும். மோதுவது இரண்டும் இயந்திரம். பதற்றம் கிடையாது, களைப்பு கிடையாது, நடுவரைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரே கணினியில் இரண்டையும் ஏற்றி, இரவு முழுக்க நூறு ஆட்டம் ஓடவிட்டுக் காலையில் ஸ்கோரைப் பார்த்தால் எது பலசாலி என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள்.

நிறையவே வேண்டும். முதலில் அந்த நூறையே எடுத்துக்கொள்வோம்.

செஸ் புரோகிராம்களுக்கான போட்டி டி.சி.இ.சி. 2019 தொடக்கத்தில் முடிந்த அதன் 14ஆவது சீசன் இறுதி மோதலில் ஸ்டாக்ஃபிஷ் என்ற புரோகிராம் 50.5–49.5 என்று லீலா என்ற புரோகிராமை வென்றது. பத்து வெற்றி, ஒன்பது தோல்வி, 81 டிரா. அதே ஆண்டு அடுத்த சீசனில் லீலா 53.5–46.5 என்று வென்றது: 14 வெற்றி, ஏழு தோல்வி, 79 டிரா. கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய இது போதும். யாருக்குப் பலம் அதிகம் என்று சொல்லப் போதாது. டிராக்களை ஒதுக்கிவிட்டால் முதல் மோதலில் மிஞ்சுபவை 19 ஆட்டங்கள். சமபலமுள்ள இருவருக்கிடையே 19 ஆட்டங்களில் வெற்றி தோல்வி வித்தியாசம் வெறும் தற்செயலாலேயே நான்கைந்து வரை ஊசலாடும். 19இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.4. இங்கே வந்த வித்தியாசமோ ஒன்றே ஒன்று. பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் 14–7 கூட இந்த ஊசலாட்ட அளவில் ஒன்றரை மடங்குதான். புள்ளியியல் படித்தவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு மடங்கு.

செஸ்ஸில் பலத்தை அளக்கும் புள்ளி எலோ. இரண்டு புரோகிராம்களுக்கிடையே ஐந்து எலோ வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலமானது எடுக்க வேண்டிய ஸ்கோர் 50.7 சதவீதம். பாதி ஆட்டம் டிராவாகும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இந்த 0.7ஐ நம்பிச் சொல்லக் கிட்டத்தட்ட பத்தாயிரம் ஆட்டங்கள் தேவை. ஸ்டாக்ஃபிஷ் நிரலில் ஒரு நல்ல திருத்தம் தருவது பெரும்பாலும் ஓரிரு எலோதான். 2013இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட், தன்னார்வலர்களின் கணினிகளை இணைத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பல்லாயிரம் ஆட்டங்களை ஓட்டுவது இதனால்தான்.

அப்படியானால் முன்னிலை தெளிவாகத் தெரியும்வரை ஓடவிட்டு, தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இது இன்னும் மோசம். ஸ்கோர் மேலும் கீழும் அலையத்தான் செய்யும். நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தினால் நமக்குப் பிடித்த முடிவுதான் கிடைக்கும். நடுவில் நிறுத்தவும் முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆப்ரகாம் வால்ட் வகுத்த தொடர்சோதனை முறையில், எந்த எல்லையைத் தொட்டால் ஏற்பது, எதைத் தொட்டால் நிராகரிப்பது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஃபிஷ்டெஸ்ட் நடப்பது அந்த விதிப்படிதான்.

அடுத்த வாதம், தொடக்க நிலையிலிருந்தே ஆடட்டும், அதுதான் உண்மையான செஸ் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல்கள்) எதுவும் கொடுக்காமல் விட்டால், ஒரே திரெட்டில் (ஒற்றைச் செயலோட்டத்தில்) ஓடும் இரு புரோகிராம்கள் ஒரே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடக்கூடும். கணக்கில் நூறு இருக்கும். உள்ளே வேறுபட்டவை கொஞ்சம்தான். தவிர, இன்றைய பலத்தில் அங்கிருந்து தொடங்கினால் அநேகமாக எல்லாமே டிரா. அதனால் ஓப்பனிங்குகளை மனிதர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். டி.சி.இ.சி.க்கு ஜெரோன் நோமன் செய்து தந்தார். ஸ்டெஃபான் போல் தொகுத்தவை வேண்டுமென்றே வெள்ளைக்குச் சாதகமாகச் சாய்ந்தவை.

சாய்ந்த நிலையிலிருந்து ஆடுவது எப்படி நியாயம் ஆகும்? ஒவ்வொரு நிலையையும் இரு பக்கமும் மாறி மாறி ஆடவைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. இருவரும் வெள்ளையில் ஜெயித்தால் 1–1, ஒன்றும் தெரியாது. ஒருவர் வெள்ளையில் ஜெயித்து, கறுப்பில் டிராவுக்குத் தாக்குப்பிடித்தால் 1.5–0.5. அந்த அரைப்புள்ளியில் இருப்பது பலம். அலகு இங்கே ஆட்டம் அல்ல, ஜோடி. ஜோடியைப் பிரித்து ஆட்டங்களை மட்டும் எண்ணுகிற அட்டவணைகள் பிழையளவைத் தப்பாகக் காட்டும்.

ஒரே கணினி என்றால் சமம் என்பதும் அவ்வளவு நேரானதல்ல. நாலு கோர் உள்ள லேப்டாப்பில் ‘பாண்டர்’ வசதியை அணைக்காமல் விட்டுப் பாருங்கள். எதிராளி யோசிக்கும் நேரத்திலும் புரோகிராம் யோசிக்கும். இரண்டும் ஒரே கோர்களுக்காக அடித்துக்கொள்ள, அதிக திரெட் திறந்த புரோகிராம் அதிகப் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். பத்து வினாடி, நகர்த்தலுக்கு 0.1 வினாடி கூடுதல் என்ற நேரத்தில் பல ஆட்டங்களைச் சேர்த்து ஓட்டினால் இன்னொரு கூத்தும் நடக்கும். ஆன்டிவைரஸ் விழித்துக்கொள்கிற அந்தச் சிறு நொடியில், ராணி அதிகமாக இருக்கும் பக்கம் நேரம் தீர்ந்து தோற்கும். ஸ்கோரில் அது சாதாரணத் தோல்வியாகவே பதிவாகும். லீலா ஓடுவது ஜிபியுவில், ஸ்டாக்ஃபிஷ் ஓடுவது சிபியுவில். அங்கே சமம் என்பது விலையிலா, மின்சாரத்திலா என்பதற்கே பொதுவான பதில் இல்லை.

குறுகிய நேர ஆட்டங்களால் பயனில்லை என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஃபிஷ்டெஸ்ட் முதலில் பத்து வினாடியில் வடிகட்டி, தேறியதை அறுபது வினாடியில் மறுபடி சோதிக்கிறது.

2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ என்ற புரோகிராம், ஸ்டாக்ஃபிஷ் 8ஐ ஒரு தோல்வியும் இல்லாமல் 28 வெற்றி, 72 டிரா என்று வீழ்த்தியதாக அறிவிப்பு வந்தது. இங்கே எண்ணிக்கையில் சந்தேகமில்லை. 28–0 தற்செயலாக வராது. கேள்வி நிபந்தனைகள் மேல்தான். ஸ்டாக்ஃபிஷுக்கு 64 திரெட்டுக்கு ஒரு ஜிபி ஹாஷ் (கண்ட நிலைகளைச் சேமிக்கும் நினைவகம்), ஓப்பனிங் புத்தகம் கிடையாது, நகர்த்தலுக்குக் கட்டாயம் ஒரு நிமிடம். எங்கே அதிகம் யோசிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே ஒரு திறமை. அதைப் பறித்துவிட்டு ஆடவைத்தார்கள். 2018இல் மூன்று மணி நேரமும் நகர்த்தலுக்கு 15 வினாடிக் கூடுதலுமாக ஆயிரம் ஆட்டங்கள் நடந்தன: 155 வெற்றி, ஆறு தோல்வி, 839 டிரா. ஆல்ஃபாஜீரோதான் பலசாலி, அதில் மாற்றமில்லை. ஆனால் நூறு எலோவாகத் தெரிந்த இடைவெளி ஐம்பது சொச்சமாகச் சுருங்கியது. முழுக்க நிபந்தனைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பங்கே இல்லை என்று சொல்லவும் முடியாது.

முடிவை அறிவிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கோரோடு நேரக் கட்டுப்பாட்டையும் ஹாஷ் அளவையும் ஓப்பனிங் பட்டியலையும் எல்லா ஆட்டங்களின் நகர்த்தல்களையும் பதிந்த பிஜிஎன் கோப்பையும் சேர்த்து வெளியிடுங்கள். 2017இல் அந்த நூறு ஆட்டங்களில் அறிவிப்போடு வெளியானவை பத்து.