அடிமைக்குச் சிறை எதற்கு?

உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு வாங்கலாம், குற்றமில்லை. அதே செடியின் பூவான கஞ்சா கையில் சிறிதளவு இருந்தாலும், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி ஓராண்டு வரை சிறை. வேடிக்கைதான்!

விற்பவனை விட்டுவிடச் சொல்லவில்லை நான். பழக்கத்துக்கு அடிமையான பையனை அடைப்பானேன்? 2022 இறுதியில் நம் நாட்டுச் சிறைகளில் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தனர். நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். அந்த நெரிசலில் பழக்கம் விடுமா, முற்றுமா?

அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவோடு பிடிபட்ட அடிமை தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ஊர்விட்டு வந்த நாம் மானத்துக்கு அஞ்சி மூடி மறைக்கிறோம். நம் சங்கத்தில் ஒரு வழக்கறிஞரை அழைத்து இதை விளக்கச் சொன்னால் என்ன?