கம்பியை இழு... கதவு திறக்கும்!

கோடிகளைக் கொட்டி வாங்கின காருக்குள்ளே கதவைத் திறக்க ஒழுங்கா ஒரு கைப்பிடி இல்லைன்னா கடுப்பாகுமா, இல்லையா? 1987-ல் இத்தாலியில் அறிமுகமான ஃபெராரி எஃப்40 அப்படித்தான். ஒரு கம்பியை இழுக்கணும். கார்பெட், ரேடியோ, பவர் ஸ்டீயரிங், ஏ.பி.எஸ்... எதுவும் கிடையாது. எல்லாம் எடையைக் குறைக்கத்தான். 478 குதிரைசக்தி, மணிக்கு 324 கி.மீ.! 1988-ல் மறைந்த என்ஸோ ஃபெராரி, தன் கையால் ஓகே சொன்ன கடைசி மாடல். மவுசுக்கு இது போதாதா?

அடுத்தவர் ஜப்பான்காரர், லெக்ஸஸ் எல்எஃப்ஏ. 2010-12ல் மொத்தமே 500தான் செய்தாங்க. டொயோட்டாவின் பூர்வீகத் தொழில் தறி செய்வது. அந்தப் பழக்கம் விடலை போல, இதன் கார்பன் ஃபைபர் பாகங்களையும் வட்டத் தறியில் நெய்தாங்க! வி10 இன்ஜின் 0.6 செகண்டில் 9,000 ஆர்.பி.எம். எகிறும். சாதா மீட்டர் முள்ளால் துரத்த முடியாம, டிஜிட்டல் மீட்டர் வெச்சாங்க. சவுண்டை டியூன் பண்ணினது, பியானோ செய்யும் யமஹா.

ஆனா பாவம், அமெரிக்காவில் 3,75,000 டாலர்னதும் 'லெக்ஸஸுக்கா இவ்ளோ?'ன்னு நழுவிட்டாங்க. தயாரிப்பு நின்ன பிறகும் சில கார்கள் வருஷக்கணக்கில் ஷோரூமில் தூங்கின. அப்புறம்தான் கலெக்டர்கள் தேட ஆரம்பிச்சாங்க.

என் ஓட்டு எல்எஃப்ஏவுக்கே. கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினாலும் எஃப்40 பார்க்க அழகுதான். எல்எஃப்ஏவைப் பூட்டி வெச்சா, அந்தப் பாட்டை யாருங்க கேட்கிறது?