ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அடுப்பங்கரையில் அது சரி. கணக்கில் அது செல்லாது என்பதே என் கட்சி. ஒரு சூத்திரத்தில் 1, 2, 3 என்று மூன்று எண்களைப் போட்டுப் பார்த்து, விடை பொருந்தியதும் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிவிடும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டல்லவா? அவர்கள் 4294967297 என்ற எண்ணைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2, 4, 16, 256, 65536. ஒவ்வோர் எண்ணும் முந்தியதன் வர்க்கம். இவற்றோடு ஒன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள்! பிரான்சு நாட்டின் ஃபெர்மா 1640-இல் இதைக் கண்டு, இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்று நம்பினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை, ஆனாலும் நம்பினார்.

ஆறாவதாக வருவதுதான் நம் எண், அதாவது 2³² + 1. இது 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். நம்பிக்கை தகர்ந்தது.

ஃபெர்மாவைக் குறை கூறுவது எளிது. இவ்வெண் பகா எண்தான் என்று வகுத்துப் பார்த்தே உறுதி செய்வதானால், 65536-க்குள் உள்ள 6542 பகா எண்களாலும் வகுத்தாக வேண்டும். ஆனால் 641 அவற்றில் 116-ஆவது எண்தான். பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அகப்பட்டிருக்கும்!

இன்று கணிப்பொறி இதை நொடியில் வகுத்துவிடும். ஏன் வகுபடுகிறது என்று மட்டும் சொல்லாது. அதை நீங்களே தாளில் செய்து பாருங்கள். 640 = 5 × 2⁷. எனவே 640⁴ = 625 × 2²⁸. இங்கே 625 என்பதை 641 − 16 என்று எழுதுங்கள். 16 × 2²⁸ = 2³² ஆதலால், 640⁴ = 641 × 2²⁸ − 2³² ஆகிறது. இதை மாற்றி எழுதினால்,

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1).

முதல் உறுப்பு 641-ஆல் வகுபடுவது கண்கூடு. அடைப்புக்குள் இருப்பதோ (640 − 1)(640 + 1)(640² + 1). நடுவில் நிற்பது யார்? அதே 641! பெரிய வகுத்தல் ஒன்றுகூடச் செய்யாமல் முடித்துவிட்டோம். மூன்று எண்களைப் போட்டுப் பார்ப்பதில் இந்தச் சுவை கிடைக்குமா?

இன்னொன்று. முதல் ஐந்துக்குப் பிறகு இவ்வரிசையில் வேறு பகா எண் எதுவும் இதுவரை அகப்படவில்லை. அடுத்து வரும் 28 எண்களும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. ஆகவே இனி வருவன எல்லாம் பகு எண்களே என்று முடிவு கட்டலாமா? ஐந்தைப் பார்த்து ஃபெர்மா செய்ததை, இருபத்தெட்டைப் பார்த்து நாம் செய்வதாகிவிடும். அதற்கும் அடுத்த எண்ணில் 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.