முடியட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

"தொடர் முடியும் முன்பே மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதையை விமர்சிப்பது அவசரம்; முடிவு தெரிந்தால்தான் முழுப் படைப்பையும் எடைபோட முடியும்" என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நிற்காது.

1. எப்போது முடியும்? 'ஒன் பீஸ்' 1997-இல் தொடங்கியது. அன்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இன்று தலை நரைக்கிறது.

2. சில முடிவதே இல்லை. தெஸுகா ஒசாமு 1989-இல் இறந்தபோது அவரது 'ஃபீனிக்ஸ்' முற்றுப்பெறவில்லை. 'பெர்செர்க்' படைத்த மியுரா கென்டாரோ 2021-இல் இறந்தார். நண்பர் மோரி கோஜியின் மேற்பார்வையில் மியுராவின் உதவியாளர்கள் 2022 முதல் அதைத் தொடர்கிறார்கள். இவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாதா?

3. 'ஷோனென் ஜம்ப்' வார இதழ் தொடர்களின் ஆயுளைத் தீர்மானிக்க வாசகர் வாக்கைப் பார்க்கிறது. எடுபடாதவை பாதியில் நிற்கும். பதிப்பாளரே காத்திருக்கவில்லை, விமர்சகர் மட்டும் ஏன்?

4. வாசகர் தொகுதி தொகுதியாகக் காசு கொடுக்கிறார். கடைசித் தொகுதியையும் வாங்கிய பிறகு வரும் விமர்சனம் யாருக்கு?

5. கட்டங்களின் அமைப்பு, கோட்டின் வேகம், கற்பனை உலகின் விதிகள் தமக்குள் முரண்படாமை: இவற்றைக் கணிக்கக் கடைசிப் பக்கம் எதற்கு?

எதுவரை படித்தேன் என்று விமர்சகர் சொன்னால் போதும். அடுத்த தொகுதி கருத்தை மாற்றினால், மாற்றி எழுதட்டும்.